எல்லாரும் ஆட ஓர் இடம்

(பொங்கல் விழா முன்னேற்பாடு குறித்த குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளி விழாக்களில் பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரும் சேர்ந்து ஆட விளையாட்டுகளை எப்படித் திட்டமிடுவது' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்குப் பக்கத்தில் 'கருத்தாளர்' என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அது எனக்குப் பெரிய வார்த்தை. ஒருமுறை நன்றாகக் கெடுத்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருப்பவள் என்று போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அதனால் கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மானாவாரி ஊர். மழை பெய்தால் மிளகாயும் பயறும், பெய்யாவிட்டால் திருப்பூர். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் வெளியூரில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் விழா வைத்தால், ஊருக்குத் திரும்பி வருகிறவர்களில் சிலரையாவது பள்ளிக்குள் பார்க்கலாம் என்பது எங்கள் தலைமையாசிரியரின் யோசனை. நல்ல யோசனைதான். விளையாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் படித்த பள்ளியில் என்ன பார்த்தேனோ அதையே எழுதிக் கொடுத்தேன்: எலுமிச்சை கரண்டி, அம்மாவும் பிள்ளையும் மூன்று கால் ஓட்டம், இசை நாற்காலி, கடைசியில் கயிறு இழுத்தல். பதினைந்து நிமிடத்தில் திட்டம் முடிந்துவிட்டது. அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

எலுமிச்சை கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் 86 பிள்ளைகள். மைதானத்தில் நான்கு தடம் போடலாம். அப்படியானால் 22 சுற்று. நிறுத்தி வைத்து, கரண்டி கொடுத்து, ஊதி, ஓடி முடித்து, அடுத்த நால்வரை அழைக்கச் சுற்றுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் 55 நிமிடம் ஆகிறது. ஒரு பிள்ளை ஓடியது அரை நிமிடம். மீதி நேரமெல்லாம் வெயிலில் வரிசை. நான் மைக்கில் 'அமைதி, அமைதி' என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவர்கள் அடங்காத பிள்ளைகள் இல்லை. செய்ய ஒன்றும் கொடுக்கப்படாத பிள்ளைகள்.

இசை நாற்காலியின் கணக்கு இன்னும் மோசம். இருபது பேர் சுற்றினால், முதலில் வெளியே போகிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுற்று. பிறகு பதினெட்டுச் சுற்று வேடிக்கை. முதலில் வெளியே போவது யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவரைத்தான் அந்த ஆட்டம் முதலில் அனுப்பிவிடுகிறது. எங்கள் ஆறாம் வகுப்பில் செவித்திறன் குறைந்த மாணவன் ஒருவன் இருந்தான். பாட்டு நின்றது அவனுக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் தெரியும். அதற்குள் நாற்காலி போய்விடும். அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். நானும் சிரித்தேன். இரவு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

இவையெல்லாம் சின்னத் தவறுகள். பெரிய தவறுகள் இரண்டு.

'அம்மாமார் எல்லாரும் உங்கள் பிள்ளைகளோடு கோட்டுக்கு வாருங்கள்' என்று மைக்கில் அறிவித்தேன். நல்ல கூட்டம் வந்தது. கால்களைத் துண்டால் கட்டி, விழுந்து, எழுந்து, ஒரே சிரிப்பு. விழா முடிகிற நேரத்தில் தண்ணீர் குடிக்கச் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து, சத்துணவு அக்காவோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆடலையாம்மா?"

"அம்மா வரல டீச்சர். கம்பெனில லீவு குடுக்கல."

"வீட்ல இருந்து வேற யாரும் வரலையா?"

"அப்பத்தா வந்துச்சு. வேப்பமரத்துக்கிட்ட நிக்குது. அதுக்கு முட்டி வலி, ஓட முடியாது. அம்மாவத்தானே கூப்பிட்டீங்க?"

அழவில்லை. விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். வெளியே போய்ப் பார்த்தேன். அந்த அம்மா பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலை கட்டி, கேட்டுக்கு வெளியே மரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு மணி நேரம். எந்தப் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது என் வருகைப் பதிவேட்டை விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மைக்கைக் கையில் எடுத்ததும் 'அம்மாமார்' என்றுதான் வாயில் வந்தது.

இரண்டாவது தவறு கயிறு இழுத்தல். அணி பிரிக்க எளிய வழி தேடினேன். வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம் என்று சொல்லிவிட்டேன். நம் ஊர்களில் தெரு என்றால் தெரு மட்டும் இல்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்போதே பதினோரு ஆண்டு பணி முடித்திருந்த எனக்கும் தெரியும். முதலில் பிள்ளைகள் இழுத்தார்கள். பிறகு இளைஞர்கள் வந்து பிடித்தார்கள். பிறகு ஓரமாக நின்ற பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் தோற்றது. யாரோ ஒரு வார்த்தை விட்டார்கள். அது என்ன வார்த்தை என்பது இங்கே வேண்டாம். கூட்டம் நெருங்கிய வேகத்தைப் பார்த்த எங்கள் தலைமையாசிரியர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நாட்டுப்பண்ணைத் தொடங்கிவிட்டார். எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அந்த 52 நொடியில் சூடு கொஞ்சம் தணிந்தது. இன்றைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

விடுமுறை முடிந்து வந்தபோது, ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்கள் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வடக்கு, ஒருவன் தெற்கு. மறுபடி பேச்சு வார்த்தை வர மார்ச் ஆகிவிட்டது. அந்தக் கயிற்றின் நடுக்கோட்டை வகுப்பறைக்குள் போட்டவள் நான்தான்.

அடுத்த ஆண்டு விளையாட்டே வேண்டாம், கலைநிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்தப் பிரிவில் அப்பத்தாக்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து யோசிப்போம் என்று நான் சொன்னேன். இனி, நாங்கள் என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன்.

முதல் வேலை கேட்பது. மூன்று வாரம் முன்பே, பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: 'உங்கள் வீட்டில் மூத்தவர் சின்ன வயதில் ஆடிய ஆட்டம் என்ன? எப்படி ஆடுவார்கள்?' நோட்டில் வந்ததைப் படித்தால் நமக்கே ஆசை வரும். பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம், கிச்சுக் கிச்சுத் தாம்பாளம், கோலி, ஏழாங்கல், பாண்டி. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அதில் ஆண்களுடையவை, பெண்களுடையவை, இரு பாலாருக்கும் பொது, பகலில் ஆடுபவை, இரவில் ஆடுபவை என்று பகுத்திருப்பார். வாய்ப்புக் கிடைத்தால் படியுங்கள். ஆனால் நம் விழாவில் ஆண் ஆட்டம், பெண் ஆட்டம் என்ற தட்டி வேண்டாம். எங்கள் ஊரில் தாயம் ஆட உட்கார்ந்த தாத்தாக்களை எழுப்பவே முடியவில்லை. ஏழாங்கல்லில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லாரையும் தோற்கடித்தான். இதே சமயத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கூட்டுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தானே? யார் வீட்டில் யார் வருவார்கள், யாருக்கு உட்கார நாற்காலி வேண்டும், யார் கைக்குழந்தையோடு வருவார்கள் என்று அவர்களைப் போல் நமக்குத் தெரியாது.

இரண்டாவது மாற்றம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 'எல்லாரும் பார்க்க ஓர் ஆட்டம்' என்பதை விட்டோம். திருவிழாக் கடை மாதிரி, ஒரே நேரத்தில் எட்டு இடத்தில் எட்டு ஆட்டம். வராந்தாவில் நிழலில் உட்கார்ந்து ஆடுபவை: பல்லாங்குழி, தாயம், ஆடு புலி, ஏழாங்கல். மைதானத்தில் நின்று ஆடுபவை: வளையம் எறிதல், அடுக்கிய டப்பாவைப் பந்தால் அடித்தல். இருவர் சேர்ந்து ஆடுபவை இரண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர். நுழையும்போதே ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் எட்டு வட்டம். ஓர் ஆட்டம் ஆடினால் ஒரு வட்டத்தில் முத்திரை. முத்திரை, வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டு வைப்பதுதான். ஐந்து முத்திரை சேர்ந்தால் பரிசு. வென்றாலும் தோற்றாலும் முத்திரை உண்டு.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லாரையும் அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம் என்று முதலில் நினைத்தேன். அடித்தும் பார்த்தேன். பல்லாங்குழியில் இருந்து ஒருவரும் எழவில்லை. 'போ டீச்சர், இப்பத்தான் கட்டம் தேறி வருது' என்றார்கள். மணியை வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மணிக்குக் கட்டுப்படாமல் ஓர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே. கூட்டம் சேருகிற ஆட்டத்துக்கு இன்னொரு பலகை போட்டால் போதும். பல்லாங்குழிக்குப் பலகைகூட வேண்டாம். வராந்தாத் தரையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் வரையுங்கள். குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. ஆடு புலிக்கும் சாக்பீஸ் கோடுதான். மூன்று புலிக்குக் கல், பதினைந்து ஆட்டுக்குக் கொட்டை.

விதிமுறையில் சண்டை வரும். ஒரு வீட்டில் நாலு காய் சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பார்கள், இன்னொரு வீட்டில் ஆறு என்பார்கள். இதற்கு நாங்கள் வைத்த சட்டம்: அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் மூத்தவர் சொல்வதே விதி. ஆசிரியர் தலையிடக் கூடாது. எனக்குக் கடினமாக இருந்தது, தலையிட்டே பழகிவிட்டதால்.

இருவர் சேர்ந்து ஆடுவதைச் சொல்கிறேன் என்றேன். 'அம்மாவும் பிள்ளையும்' என்பதை எடுத்துவிட்டோம். இப்போது மைக்கில் சொல்வது: 'ஒரு சிறியவர், ஒரு பெரியவர்.' உறவு எதுவும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு மாமாவாக இருக்கலாம், சத்துணவு அக்காவாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். ஓட்டமும் இல்லை. ஒன்று பூக் கட்டுவது: பிள்ளை பூவை இணை இணையாக எடுத்துக் கொடுக்க வேண்டும், பெரியவர் நாரில் தொடுக்க வேண்டும், முதலில் ஒரு முழம் முடிப்பவர்கள் வென்றார்கள். இன்னொன்று பயறு கண்டுபிடிப்பது. வாய் கட்டிய துணிப் பைகளில் உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு, கொள்ளு. பையின் மேலேயே தடவிப் பார்த்துப் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். பிள்ளை எழுத வேண்டும். எழுதத் தெரியாத பெரியவருக்கும், பயிர் தெரியாத பிள்ளைக்கும் ஒருவர் இன்னொருவர் தேவைப்படுகிற மாதிரி வைத்தோம். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் விரலில் வித்தியாசம் தெரியாமல் நான் தோற்றேன். பயறு விளையும் ஊரில் பதினான்கு ஆண்டு வேலை பார்த்துக்கொண்டு!

அணி தேவைப்படுகிற ஆட்டங்களும் உண்டு. தெரு கூடாது என்று முடிவானது. பிறந்த மாதப்படி பிரிக்கலாம் என்றேன்; பெரியவர்களில் பாதிப் பேர் 'அது யாருக்குத் தெரியும்? பெரிய மழை பேஞ்ச வருசம்' என்றார்கள். ஒரு தோழர் வண்ணக் கயிறு கட்டிவிடலாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் திடுக்கிட்டேன். கையில் கட்டும் வண்ணக் கயிறுக்கு நம் பக்கத்தில் என்ன பொருள்? நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதை நாமே கட்டிவிடலாமா? வண்ணத் தாள் என்றாலும் ஏதாவது கொடியின் நிறம் வந்துவிடுகிறது. கடைசியில் இலைக்கு வந்தோம். ஒரு பானையில் வேப்பிலை, மாவிலை, புங்க இலை, அரச இலை. கண்ணை மூடிக் கைவிட்டு எடுத்தால் அதுதான் அணி. செலவில்லை, சின்னப் பிள்ளைக்கும் அடையாளம் தெரியும். ஒரு காம்புக்கு ஒரே ஓர் இலையாகப் பறித்துப் போடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

இலை வந்ததும் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். முதல் ஆண்டு பானைக்குள் கைவிட மறுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் 'வேப்பிலை, விடாதே' என்று வடக்குத் தெருப் பெரியவர் ஒருவர் தெற்குத் தெருப் பையனைப் பார்த்துக் கத்தியதை என் காதால் கேட்டேன். அதற்கு மேல் நான் எதுவும் கோரவில்லை.

கயிறு இழுத்தலை நாங்கள் திரும்ப எடுக்கவே இல்லை. உங்கள் பள்ளியில் நடத்துவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். 1997இல் தைப்பே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து இருவரின் கையே துண்டானது. அவ்வளவு கூட்டம் நம்மிடம் இல்லை என்றாலும், துணி உலர்த்தும் நைலான் கயிற்றை எடுத்து வந்து நடத்துகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பில் இன்னும் சில. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் நிச்சயம் வருவார்கள். புளியங்கொட்டை, கோலிக்குண்டு, உடைந்த பலூன் துண்டு மூன்றும் அவர்கள் தொண்டைக்கு ஆபத்து. அவர்களுக்குத் தனியாக ஒரு பாய், பெரிய பந்து, அருகில் ஓர் ஆள். பலூன் உடைக்கும் ஆட்டத்தை நாங்கள் விட்டுவிட்டோம். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும், கோலமாவு போதும். எலுமிச்சை கரண்டி வைத்தால் கரண்டி கையில் இருக்கட்டும், வாயில் வேண்டாம். தொடங்கவும் நிறுத்தவும் விசிலுக்குப் பதில் கொடி. அந்தச் செவித்திறன் குறைந்த மாணவனுக்காகத்தான் கொடிக்கு மாறினோம். ஒலிபெருக்கி இரைச்சலில் விசில் யாருக்குமே கேட்டதில்லை என்பது அப்புறம் தெரிந்தது. அடுத்த ஆண்டு கொடியாள் அவனேதான்.

பரிசு பற்றி அதிகம் இல்லை. முதல் ஆண்டு எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் டப்பா என்று வாங்கி, யாருக்குப் பெரியது யாருக்குச் சின்னது என்று மனக்கசப்பு. இப்போது ஐந்து முத்திரை காட்டுகிற எல்லாருக்கும் ஒரு துண்டு கரும்பு. பல் இல்லாதவர்களுக்கு வாழைப்பழம். பல் இருக்கிறவர்களும் வாழைப்பழம் கேட்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

அந்த அப்பத்தாவைக் கேட்பீர்கள். இரண்டாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, நானும் அந்தச் சிறுமியும் வீட்டுக்குப் போய் அழைத்தோம். 'எனக்கு முட்டி வலி தாயி, நான் அங்க வந்து என்ன செய்ய?' என்றார். பல்லாங்குழிக்கு ஆள் வேண்டும், உட்கார்ந்தே இருக்கலாம் என்றேன். வந்தார். நாற்காலி போட்டோம், 'இதுல உக்காந்தா குழி எப்படி எட்டும்?' என்று சுவரில் சாய்ந்து கால் நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணிக்குத் தொடங்கியவர் ஐந்தரை வரை எழவில்லை. தலைமையாசிரியர் இரண்டு ஆட்டம் தோற்றார். ஆறு சேர்ந்தால்தான் பசு என்று அவர் வாதாடிப் பார்த்தார். 'அது உங்க ஊர்ல சார். இங்க நாலு' என்று காயை அள்ளிக்கொண்டார். பேத்தி பக்கத்தில் குத்துக்காலிட்டுக் காய் எண்ணிக்கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு அந்த ஆண்டும் லீவு கிடைக்கவில்லை. இப்போது அவள் எட்டாம் வகுப்பு. வருகிற பொங்கலுக்கு எட்டு இடத்துக்கும் பொறுப்பாளர்களை நியமிப்பது அவள்தான். எனக்கு முத்திரைக்கு வெண்டைக்காய் வெட்டும் வேலை கொடுத்திருக்கிறாள்.

போதும், பேச்சு நீண்டுவிட்டது. தேநீர் வர இன்னும் இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்கிறார்கள். வெளியே வராந்தாவில் ஐந்து ஆட்டம் விரித்து வைத்திருக்கிறேன். வாசலில் பானை இருக்கிறது. ஒரே பள்ளிக்காரர்கள் ஒன்றாக நிற்காமல், ஆளுக்கோர் இலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.